நடந்து காண்போம் நாம் வாழும் ஊரை



மழை ஓய்ந்துவிட்டது. தை பிறந்து வானம் வெளுத்திருக்கிறது. வைகாசி முதல் மார்கழி வரையில் இரு பருவக் காற்றுகளும் மாறி மாறிப் பொழியும் இத்தீவில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர். மதுரை பெறும் மழையைப் போல் இது மூன்று மடங்கு. இனி வரும் நான்கு திங்களே காட்டிலும் கரையிலும் காலாற நடப்பதற்கு ஏற்ற காலம். ஆதலின், இத்திங்கள் இப்பக்கத்தில் நடையைப் பற்றிப் பேச எண்ணினோம்.

போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகிய இந்நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். அலுவலகத் தாள்களில் புதுப்பெயரும் மக்கள் நாவில் பழம்பெயருமாக இரண்டும் இன்று வழங்குகின்றன. பெயர் எதுவாயினும் ஊர் ஒன்றே. அவ்வூரை நாம் எவ்வளவு அறிவோம் என்பதே கேள்வி.

நம் இல்லங்களில் விடுமுறை என்றதும் பிறக்கும் முதற்சொல் ‘ஊருக்குப் போதல்’ என்பதாகும். கப்பல் சீட்டு, விமானக் கட்டணம், அங்கே இருப்போர்க்குக் கொண்டு செல்ல வேண்டிய பொருள்கள் என்று பேச்சு அவ்வழியே ஓடும். செல்ல இயன்றவர் செல்கின்றனர்; அது இயற்கை. இயலாதவர் வீட்டிலிருந்து, ‘இங்கே என்ன இருக்கிறது?’ என்று சலித்துக்கொள்கின்றனர். வீடு, பள்ளி, அலுவலகம், அபர்டீன் கடைத்தெரு, முருகன் கோயில், ஜெட்டி என்னும் ஆறிடங்களுக்குள் இருபது ஆண்டுகளை முடித்துக்கொண்டவர் நம்முள் பலர். ஐந்து நாள் தங்க வரும் சுற்றுலாப் பயணி மலையும் காண்கிறார், முனையும் காண்கிறார். வந்த விருந்தாளி வீடு முழுவதையும் சுற்றிப் பார்க்க, குடியிருப்பவன் திண்ணையை விட்டு எழாமல் இருந்ததைப் போன்றது இது.

‘வாரம் ஆறு நாளும் உழைத்து ஓய்ந்த கால்களுக்கு ஏழாம் நாளும் நடையா?’ என்று சிலர் வினவக்கூடும். வினாவில் நியாயம் உண்டு. நம் மூத்தோர் பலர் இத்தீவில் சாலை போட்டவர், மரம் வெட்டியவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். காடு அவர்க்குக் கூலி தந்த இடமேயன்றிக் களித்த இடம் அன்று. ஆயினும், வயிற்றுக்காக நடக்கும் நடை வேறு; கண்ணுக்காகவும் மனத்திற்காகவும் நடக்கும் நடை வேறு. பின்னதற்குக் காசு வேண்டுவதில்லை. பொழுது விடியுமுன் எழுதலும், ஒரு தூக்குச் சட்டியில் புளிச்சோறும், புட்டி நிறையத் தண்ணீரும் இருந்தாற் போதும்.

இத்தீவின் நிலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பழந்தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பகுத்தனர். தாய்த் தமிழகத்தில் குறிஞ்சியிலிருந்து நெய்தலுக்கு வர வேண்டுமானால் இடையே வயலும் ஊரும் கடந்து நெடுந்தொலைவு வருதல் வேண்டும். இங்கோ மலை கடலுக்குள்ளேயே கால் ஊன்றி நிற்கிறது. அடிவாரத்துக் கரையில் நெய்தலுக்குரிய புன்னையும் தாழையும் நிற்கின்றன. அங்கிருந்து மேலேறினால் படாக் மரம் ஓங்கி நிற்கிறது. இப்படாக், குறிஞ்சிக்குரியதென நம் புலவர் பாடிய வேங்கை மரத்தின் இனத்தது. மரநூலார் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைக்கின்றனர். அதுவே இத்தீவுகளின் மாநில மரமும் ஆகும். காலையில் நெய்தலில் அடியெடுத்து வைத்து, வெயில் ஏறுமுன் குறிஞ்சியின் நிழலில் அமர வாய்ப்பது தமிழகத்திலேனும் எளிதில் கிட்டாத பேறு அன்றோ?

இனி, நடக்கத்தக்க வழிகள் நான்கினை எளியதிலிருந்து அரியதாக முறைப்படுத்திக் கூறுவோம்.

முதலாவது, சிறு குழந்தைகளும் முதியோரும் நடக்கத்தக்க கடற்கரைச் சாலை. நகரின் கிழக்குக் கரையை ஒட்டிக் கார்பின்ஸ் கோவ் வரையில் செல்லும் சாலை இது. ஒருபுறம் கடல், மறுபுறம் மேடு. தென்னைகள் வரிசையாகத் துணை வரும். வழியில் கடலை நோக்கிய சிறு துளைகளோடு சிமெண்டு அறைகள் சில தென்படும். அவை 1942 மார்ச்சு முதல் 1945 வரையில் இத்தீவைக் கைக்கொண்டிருந்த சப்பானியர் கட்டிய பதுங்கு அரண்கள். அக்காலத்தில் இங்கு வாழ்ந்தோர் பட்ட பாட்டை முதியோர் கூறக் கேட்ட குடும்பங்கள் நகரில் இன்றும் உள்ளன. குழந்தைகளை அவ்வரண் முன் நிறுத்தி, போர் என்பது பாடநூலில் மட்டும் நிகழ்வதன்று என்று உணர்த்தலாம். முழுத் தொலைவும் நடக்க இயலாதவர் பாதி நடந்து, மீதிக்குப் பேருந்து ஏறலாம், குற்றமில்லை.

இரண்டாவது, சிடியா தாப்பு. நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், தென் அந்தமானின் தென்முனையில் உள்ளது. பெயருக்குப் ‘பறவைத் தீவு’ என்பது பொருள். ஆயினும் அது தீவன்று, நிலத்தோடு இணைந்த முனையே. அங்குள்ள முண்டா பகாட் கடற்கரையிலிருந்து காட்டினூடே ஓர் ஒற்றையடிப் பாதை செங்குத்தான பாறை முனைக்குச் செல்கிறது. ஒரு மணி நேரத்திற்குள் சென்று சேரலாம். பாதையில் வேர்கள் பின்னிக் கிடக்கும். ஈரமான நாளில் வழுக்கும். முனையில் நின்றால் கீழே அலை பாறையில் மோதி நுரைப்பதும், எதிரே தீவுகள் நீல நிழல்களாகக் கிடப்பதும் தெரியும். விளிம்பிற்குத் தடுப்பு இருப்பதாக எண்ணிவிடாமல் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுதல் வேண்டும்.

சிடியா தாப்பு செல்வோர் நகரின் தென்புறத்துத் தாழ்நிலங்களையும் நோக்குதல் வேண்டும். சிப்பிகாட் பக்கத்தில் முன்பு நெல் விளைந்த வயல்கள் இருந்தன. 2004 டிசம்பர் 26-இல் கடலடியில் நிகழ்ந்த பெருநடுக்கத்தால் தென் அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவு தாழ்ந்தது. ஆழிப்பேரலை திரும்பிப் போயிற்று. ஆனால் தாழ்ந்த வயலுக்குள் ஏறிய கடல்நீர் திரும்பவில்லை. வரப்புகள் மூழ்கின, நெல் விளைந்த இடம் உப்பங்கழியாயிற்று. இன்று அங்கே நாரைகளும் கொக்குகளும் மேய்கின்றன. வட அந்தமானிலோ இதற்கு மாறாக நிலம் உயர்ந்து, பவளப் பாறைகள் நீருக்கு வெளியே வந்து மடிந்தன. ஒரே நடுக்கம் ஒரு பக்கத்தைத் தாழ்த்தி மறுபக்கத்தை உயர்த்தியது. மருதம் ஒரு நாளில் நெய்தலான வரலாற்றை நம் கண்ணெதிரே காட்டும் இடம் அது. பறவைகளைக் கண்டு மகிழும்போதே, அவ்வயல்களை உழுதவர்களையும் ஒருகணம் நினைத்தல் தகும்.

மூன்றாவது, நம் நகருக்கு எதிர்க்கரையில் ஓங்கி நிற்கும் மலை. நெடுங்காலம் ஹாரியட் மலை என வழங்கியது. 1862 முதல் 1864 வரையில் இக்குடியேற்றத்தின் கண்காணிப்பாளராயிருந்த டைட்லர் என்பாரின் மனைவி ஹாரியட்டின் பெயர் அது. 2021 அக்டோபரில் மணிப்பூர் மலை என்று பெயர் மாற்றப்பெற்றது. 1891-இல் ஆங்கிலேயரோடு போரிட்டுத் தோற்ற மணிப்பூர் மன்னர் குலச்சந்திர சிங்கும் அவர்தம் துணைவரும் நாடுகடத்தப்பட்டு இங்கே வைக்கப்பட்டிருந்தமையை அப்பெயர் நினைவூட்டுகிறது. உயரம் ஏறக்குறைய 1,200 அடி. தேசியப் பூங்காவாகக் காக்கப்படுவது.

சாத்தம் ஜெட்டியில் படகேறிப் பாம்பூ பிளாட்டில் இறங்குக. அங்கிருந்து மலையுச்சிவரை ஊர்திச் சாலை உண்டு. நடப்பவர்க்கு அடிவாரத்து ஹோப் டவுன் பக்கத்திலிருந்து காட்டு வழியும் உண்டு. ஏற்றம் கடுமையே. எனினும் நிழல் விட்டுப் பிரிவதில்லை. ஏறும் வழியில் மரங்கள் விலகிய ஓரிடத்தில் நின்று வடக்குக் குடாவை நோக்கினால், கலங்கரை விளக்கமும் தென்னைகளும் கடலும் சேர்ந்த காட்சி தோன்றும். அதனை எங்கோ பார்த்தது போல் இருக்கும். சட்டைப் பையில் பழைய சிவப்பு நிற இருபது ரூபாய்த் தாள் இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அத்தாளின் பின்புறத்தில் இருப்பது அக்காட்சியே. நாடெங்கும் கைமாறிய தாளில் நம் ஊர் இருந்தது. நாமோ அதைக் கொடுத்துக் காய்கறி வாங்கியதோடு நின்றோம்.

மலையடிவாரத்திற்கு வேறொரு வரலாறும் உண்டு. 1872 பிப்ரவரி 8-இல் இந்தியாவின் வைசிராய் மேயோ பிரபு கதிரவன் மறைவதைக் காண இம்மலை ஏறினார். இருள் சூழ்ந்தபின் இறங்கி ஹோப் டவுன் துறையில் படகேறச் சென்றபோது, ஷேர் அலி என்னும் கைதி கத்தியால் குத்த, மாண்டார். பதவியிலிருக்கையில் கொலையுண்ட வைசிராய் அவர் ஒருவரே. ஷேர் அலி அடுத்த மாதம் வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார். அழகு காணச் சென்ற ஆட்சியாளர், சிறைப்பட்ட ஒருவரின் சினத்திற்கு இரையானார். இத்தீவில் எழிலையும் துயரையும் பிரித்துக் காண இயலாது என்பதற்கு அத்துறையே சான்று.

சென்ற ஆண்டு மாசித் திங்களில் நம் குடும்பங்கள் சில சேர்ந்து இம்மலை ஏறினோம். உடன் வந்தவருள் ஒரு முதியவர் இங்கு வந்து நாற்பதாண்டு ஆனவர். துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். நாற்பதாண்டும் இம்மலையை அன்றாடம் அண்ணாந்து பார்த்தவர் ஒருமுறையும் ஏறியதில்லை. நகரும் துறைமுகமும் தெரிந்த ஓரிடத்தில் அவருடைய பேரன், “தாத்தா, நம் வீடு எங்கே இருக்கிறது?” என்று கேட்டான்.

“நம் வீடு இராமநாதபுரத்தில் அல்லவா இருக்கிறது?” என்றார் அவர். அது அவர் எப்போதும் சொல்லும் விடை.

“அது உங்கள் வீடு, தாத்தா. நம் வீட்டைக் காட்டுங்கள்” என்றான் சிறுவன்.

முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்டினார். தாம் மூட்டை இறக்கிய துறையைக் காட்டினார்; சாத்தம் மரஅறுவை ஆலையைக் காட்டினார்; அதற்கப்பால் மேட்டில் தெரிந்த கூரைகளுள் ஒன்றைச் சுட்டி, “அதோ, அதுதான்” என்றார். எந்தக் கூரை என்பது எங்களில் எவர்க்கும் விளங்கவில்லை. சிறுவனுக்கு மட்டும் விளங்கிற்று. அன்று இறங்கும்போது முதியவரே முன்னே நடந்தார்.

நான்காவது வழி, அம்மலையுச்சியிலிருந்து காட்டினூடே மதுவன் கடற்கரைக்கு இறங்குவது. உச்சியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் அளவில் காலா பத்தர் என்னும் கரும்பாறை வரும். கைதிகளை அங்கிருந்து தள்ளிக் கொன்றனர் என்று வழிவழியாகச் சொல்வர். பெரும்பாலான குடும்பங்கள் அவ்விடம் வரை சென்று திரும்புவதே நன்று. அதற்கப்பால் மதுவன் வரையிலான நெடுவழி, உடலுரமும் பழக்கமும் உடைய இளைஞர்க்கே உரியது. 16 கிலோமீட்டர் என்பது காகிதத்தில் சிறிது. பிரம்பும் கொடியும் பின்னிய காட்டில் பெரிது. வனத்துறையின் இசைவும் வழி அறிந்தவர் துணையும் இன்றி அவ்வழி செல்லற்க. திரும்பி வருதற்கான ஏற்பாட்டையும் புறப்படுமுன்பே செய்துகொள்க.

இனி, நால்வழிக்கும் பொதுவான எச்சரிக்கைகள் சில.

முதல் எச்சரிக்கை பொழுதைப் பற்றியது. நம் நாடு முழுமைக்கும் கடிகாரம் ஒன்றே, கதிரவன் அவ்வாறன்று. சென்னைக்கும் நமக்கும் நெடுக்கையில் பன்னிரண்டு பாகைக்கு மேல் வேறுபாடு உண்டு. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பது கணக்கு. எனவே இங்கே கதிரவன் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முந்தி எழுந்து முந்தி மறைகிறான். மார்கழியில் மாலை ஐந்து மணிக்கே மறைந்துவிடுவான். அடர்ந்த காட்டினுள் அதற்கு அரைமணி முன்பே இருட்டும். தமிழகத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வருவோர், ‘நான்கு மணிதானே, ஏறி இறங்கிவிடலாம்’ என்று புறப்பட்டு இருளில் வழி தேட நேரும். விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்புவதே முறை. பொழுது மறைவதைக் காண விரும்புவோர் கைவிளக்கின்றிச் செல்லலாகாது.

இரண்டாவது எச்சரிக்கை நீரைப் பற்றியது. கழிமுகங்களிலும் கண்டல் காடுகளிலும் உவர்நீர் முதலைகள் உண்டு. சில வேளை கடற்கரைக்கும் வரும். எச்சரிக்கைப் பலகை நட்ட இடத்தில் கால் நனைத்தலும் வேண்டா. நடந்த களைப்பில் நீரைக் கண்டதும் இறங்கத் துடிப்பவர் இளைஞரே. அவர்களை அடக்குதல் பெரியோர் கடன்.

இக்காடுகளில் புலியில்லை, சிறுத்தையில்லை. ஆனால் பாம்பும் பெரும்பூரானும் உண்டு; ஈரக் காலத்தில் அட்டையும் மிகுதி. காலை மூடிய செருப்பு அணிக. விழுந்த மரத்தில் அமருமுன் கோலால் தட்டிப் பார்க்க. அட்டை கடித்தால் அஞ்சற்க. பிய்த்து எறியாமல் நகத்தால் மெல்ல நெம்பி எடுத்து, கடித்த இடத்தைக் கழுவுக. கொண்டு சென்ற தாளையும் நெகிழியையும் கொண்டே திரும்புக. பூங்கா வாயிலில் காட்டுதற்கு அடையாள அட்டையை உடன் வைத்திருப்பதும் நன்று.

மூன்றாவதாகக் கூறுவது எச்சரிக்கையினும் மேலானது. 1858-இல் ஆங்கிலேயர் கைதிகளைக் கொணர்ந்து இறக்கியபோது இந்நிலம் ஆளில்லா நிலம் அன்று. அந்தமான் பழங்குடியினர் எண்ணிறந்த தலைமுறையாக வாழ்ந்த நிலம். அவர்கள் 1859 மே மாதத்தில் அபர்டீனில் வில்லும் அம்பும் கொண்டு துப்பாக்கியை எதிர்த்துப் போரிட்டனர். நாம் நாள்தோறும் காய்கறி வாங்கும் அபர்டீனே அது. இன்று பெரிய அந்தமானியர் சில பத்துப் பேராகக் குறைந்துவிட்டனர். மேற்குக் காட்டில் வாழும் சாரவா மக்களின் எல்லைக்குள் புகுதல் 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி குற்றம். அவர்களைப் படம் எடுத்தலும் குற்றமே. சட்டம் தடுப்பதால் மட்டுமன்றி, ஒருவர் வீட்டினுள் கேளாமற் புகுதல் நம் மரபன்று என்பதாலும் அப்பக்கம் கால் வைக்கலாகாது. எங்கே நடக்கலாம் என்று அறிவது போலவே, எங்கே நடக்கலாகாது என்று அறிவதும் ஊரை அறிதலே ஆகும்.

நாம் இந்நிலத்திற்குப் பிந்தி வந்தவர்கள். ஆயினும் இங்கே பிறந்த நம் குழந்தைகளுக்குப் பிறந்த மண் இதுவே. வீட்டில் ‘ஊர்’ என்னும் சொல்லைக் கேட்குந்தோறும் அவர்கள் கடலுக்கு அப்பால் நோக்க வேண்டியிருக்கிறது. அங்கே சென்றாலோ ‘அந்தமான் பிள்ளைகள்’ என்கின்றனர். இரண்டு கரைக்கும் இடையே அவர்களைக் கப்பலிலேயே நிறுத்திவிடலாகாது. தமிழை வீட்டில் கற்பிப்போம். தாயகத்து உறவையும் பேணுவோம். அதனோடு, பிறந்த மண்ணின் மலையையும் மரத்தையும் அவர்கள் பெயர் சொல்லி அழைக்கும்படி செய்வோம். அதற்குப் பள்ளியினும் நூலினும் சிறந்த வழி, பெற்றோர் கைபிடித்து உடன் நடத்தலே.

வரும் ஞாயிறு கடற்கரைச் சாலையில் தொடங்குங்கள். மாசிக்குள் சிடியா தாப்பைக் காணுங்கள். பங்குனி வெயில் முற்றுமுன் மலை ஏறுங்கள். வீட்டிலுள்ள முதியோரை விட்டுச் செல்லாதீர்கள்; ஏற இயலாதவர்க்கு ஊர்திச் சாலை உண்டு. உச்சியில் நின்று குழந்தைகள் கேட்கும் வினாக்களுக்குப் பொறுமையாக விடை கூறுங்கள்.